முந்நூறு மீட்டர் வரை பயமில்லை

"நீங்க நீச்சல் அடிப்பீங்கதானே?" என்று மேனேஜர் கேட்ட நேரத்தில் புகார் சாரின் வாயில் ஒரு முழு பிஸ்கட் இருந்தது. அதனால் அவர் "ம்ம்" என்றார்.

"இல்லை" என்று சொல்ல நாக்கு வேண்டும். நாக்கு அப்போது பிஸ்கட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. தேநீரை ஒரு மடக்கு குடித்து, தொண்டையைச் சரிசெய்து, திருத்தம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் கையிலிருந்த தாளில் ஒரு டிக் அடித்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

"சார், எதுக்குக் கேட்டீங்க?" என்று பின்னாலேயே ஓடினார் புகார் சார்.

"நாலு கிளைக்கும் சேர்த்து விளையாட்டு விழா வருதில்ல? தண்ணிப் போட்டிக்கு நம்ம கிளையில ஆளே இல்லையேன்னு தலையில கை வச்சு உக்காந்திருந்தேன். அப்பதான் உங்க கை ஞாபகத்துக்கு வந்துச்சு. இவ்வளவு பெரிய டைவிங் வாட்சைக் கட்டின மனுஷன் பக்கத்து சீட்டுல இருக்காரு, நான் ஊரெல்லாம் ஆள் தேடுறேன், பாருங்க!"

"சார், அது எங்க அப்பாவோட..."

"புலிக்குப் பிறந்தது பின்ன எப்படி இருக்கும்?" என்று அவர் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு மேனேஜர் அறைக்குள் போய்விட்டார்.

புகார் சாருக்குப் பிறந்தபோது வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளத் தாளைத் தவிர வேறெங்கும் அது பயன்படுவதில்லை. மின்விசிறி செய்யும் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகப் புகார்ப் பிரிவில் இருக்கிறார். தொலைபேசியில் ஒருவர் எரிந்து விழுந்தால் இவர் நிதானமாக, "சத்தம் 'டக் டக்'குன்னு வருதுங்களா, 'கிர்ர்'ருன்னு வருதுங்களா?" என்று கேட்பார். 'டக் டக்' என்றால் இறக்கை. 'கிர்ர்' என்றால் பேரிங். "ரெண்டும் வருது" என்று சொன்னால், "ஃபேனுக்குக் கீழ படுக்காதீங்க, ஆள் அனுப்புறேன்" என்பார். புயலைப் போலக் கத்தியவர்கள்கூட நன்றி சொல்லிவிட்டுத்தான் போனை வைப்பார்கள்.

ஆளைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இடது கையைப் பார்த்தால்தான் தெரியும்.

கனமான எஃகுக் கடிகாரம் அது. கறுப்பு முகம். முள்ளின்மேல் பூசிய ஒளிப்பூச்சு வயதாகி, பழைய காகிதத்தின் மஞ்சளுக்கு வந்திருந்தது. முகத்தைச் சுற்றி அறுபது கோடு போட்ட ஒரு வளையம். திருப்பினால் 'கிரிக் கிரிக்' என்று ஒரே பக்கமாகத்தான் திரும்பும். பின்மூடியில் 'முந்நூறு மீட்டர்' என்று ஆழம் பொறித்திருக்கும். ஒருமுறை லிஃப்டில் கோட்டு போட்ட ஒருவர் அதைப் பார்த்துவிட்டுத் தான் இறங்க வேண்டிய மாடியைத் தவறவிட்டார்.

"சார், இது எவ்வளவு அபூர்வமான மாடல் தெரியுமா? இதை லாக்கர்ல வைக்கணும் சார். பஸ்ல கட்டிட்டு வர்றீங்களே!"

"லாக்கர்ல மணி பாக்க யாரு இருக்கா?" என்றார் புகார் சார். அன்று நாள் முழுவதும் அவருடைய நெஞ்சு அரை அங்குலம் முன்னால் இருந்தது.

தினமும் கட்டுவதற்குக் காரணம் இருந்தது. சாவி கொடுக்கிற கடிகாரம் இல்லை. கை அசைந்தால்தான் ஓடும். போன வருடம் மருத்துவமனைப் படுக்கையில் அப்பா அதைக் கழற்றி மகனுடைய கையில் வைத்து மூடினார். "தினமும் கட்டு. கழட்டி வச்சா நின்னுடும்" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசியதெல்லாம் நர்சிடம் தண்ணீர் கேட்டதுதான்.

அப்பா துறைமுகத்தில் ஆழ்கடல் குழுவில் வேலை பார்த்தவர். கப்பலின் அடிப்பாகத்தில் ஓட்டை உடைசல் என்றால் நீருக்கடியில் போய்ச் சரிசெய்கிற குழு. வருடத்துக்கு மூன்று முறை வீட்டுக்கு வருவார். வேலையைப் பற்றிக் கேட்டால், "தண்ணிதான், வேறென்ன" என்பார். "உங்கப்பா கடலுக்கடியில வேலை பாக்குறவரு" என்று அம்மாதான் தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

ஒன்பது வயதில் ஒருநாள் இவர், "அப்பா, எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுங்க" என்று கேட்டார். அப்பா வெகுநேரம் இவர் முகத்தையே பார்த்தார். பிறகு, "உனக்கு வேண்டாம்ப்பா" என்றார். பன்னிரண்டு வயதில் மறுபடி கேட்டார். அதே பார்வை, அதே பதில். மூன்றாவது முறை கேட்கவில்லை. கடலின் ஆழத்தை அளந்தவர், ஒரே பார்வையில் தன்னையும் அளந்து, 'இவன் முழங்கால் அளவு' என்று கண்டுகொண்டார் என்பது மகனின் முடிவு. அந்த முடிவோடு அவர் நாற்பத்தெட்டு வயதுக்கு வந்துவிட்டார்.

மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்ததில் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"நீங்களா? போட்டிக்கா? மழை தூறினா வாட்சுக்குப் பாலித்தீன் பை மாட்டுற ஆளு! முந்நூறு மீட்டர் போற வாட்சுக்கு மூணு தூறல் ஆகாது, அதைக் கட்டினவருக்கு ஷவரே ஆகாது."

"சிரிக்காதே. என்ன பண்றதுன்னு சொல்லு."

"என்ன பண்றது? நாளைக்குப் போய், 'பிஸ்கட் தின்னுட்டு இருந்தேன், ம்ம்னு வந்துடுச்சு'ன்னு சொல்லுங்க."

"சொல்லலாம். அப்புறம் என்ன பேசுவாங்க? அந்த மனுஷனோட பையனுக்கு நீச்சல் தெரியாதாம், வாட்சை மட்டும் மாட்டிக்கிட்டுத் திரியுறான்னு பேசுவாங்க. என் மானம் போனாப் போகட்டும். அவர் பேரு போகும்."

மனைவி கரண்டியைக் கழுவினாள். சிரிப்பை நிறுத்திவிட்டாள். "அப்ப பொய் சொல்லணும்னா ஒழுங்கா சொல்லுங்க. உங்களுக்கு அதுவும் வராது" என்றாள்.

அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை புகார் சார் மேனேஜர் அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, யோசித்து வைத்திருந்ததைச் சொன்னார். "சார், ஒரு சின்ன விஷயம். நான் மேல நீந்துற ஆள் இல்ல. எங்களது ஆழத்துக் குடும்பம். இந்தக் கையக் கால ஆட்டிட்டு அந்தக் கரைக்குப் போறதெல்லாம் எங்களுக்குப் பழக்கம் கிடையாது."

பொய் ஒன்றும் இல்லை என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "அட, இதை நேத்தே சொல்லக் கூடாதா? உங்களை ஐம்பது மீட்டர் நீச்சல்ல போட்டு வீணாக்கியிருப்பேனே! தட்டு எடுக்கிற போட்டின்னு ஒண்ணு இருக்கு சார். ஆழமான பக்கத்துல அடியில இருபது எவர்சில்வர் தட்டைப் போடுவாங்க. உள்ள போய் யாரு நிறைய எடுத்துட்டு வர்றாங்களோ அவங்களுக்குக் கோப்பை. மூணு வருஷமா வடக்குக் கிளைக்காரன் தூக்கிட்டுப் போறான். இந்த வருஷம் பாக்கலாம்!"

"எவ்வளவு ஆழம் சார்?"

"மூணரை மீட்டர். உங்க வாட்சுக்கு அது கொசுறு."

அடுத்த இரண்டு நாளில் புகார் சாருக்குக் காது வலி வந்தது. இடது காதில் பஞ்சு வைத்துக்கொண்டு அலுவலகம் வந்தார். "அழுத்தம் சார். தண்ணிக்கு அடியில போனா காதுதான் முதல்ல போகும். டாக்டர் கண்டிப்பா கூடாதுன்னுட்டாரு."

"எந்த டாக்டர்?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. "எங்க தெரு டாக்டர்."

"தெரு டாக்டருக்குக் காதைப் பத்தி என்ன தெரியும்? என் மச்சான் காது டாக்டர் சார். வாங்க, இப்பவே போவோம்."

மச்சான் டாக்டர் புகார் சாரின் இரண்டு காதுக்குள்ளும் விளக்கடித்துப் பார்த்தார். மூக்கைப் பிடித்து ஊதச் சொன்னார். எச்சில் விழுங்கச் சொன்னார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு மேனேஜரைப் பார்த்துச் சொன்னார்.

"மாமா, இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு காதைப் பாத்ததில்லை. பிறந்த குழந்தை காது. எத்தனை அழுத்தத்தையும் தாங்கும். பரம்பரையா வர்றதுன்னு நினைக்கிறேன்."

தன் மானம் கப்பலேறிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் புகார் சாரின் உதடு லேசாக விரிந்தது. "அப்பாவோட காது" என்றார்.

"வலின்னீங்களே?"

"இப்ப இல்ல டாக்டர்" என்று பஞ்சை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

காது கைவிட்டதும் கடிகாரத்தின் காலில் விழுந்தார். "சார், அப்பாவோட உத்தரவு ஒண்ணு இருக்கு. இந்த வாட்சைக் கழட்டக் கூடாது. தண்ணியில இறங்கினாலும் இதோடதான் இறங்கணும். ஆனா வாட்சு நாப்பது வருஷத்துக்கு மேல பழசு. உள்ள இருக்கிற வாஷரெல்லாம் மக்கிப் போயிருக்கும். தண்ணி புகுந்துட்டா அப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"நியாயம்" என்றார் மேனேஜர். அவர் கண்ணில் மரியாதை தெரிந்தது. புகார் சார் மூச்சை விடப் போனார். "மக்கியிருக்கா இல்லையான்னு சோதிச்சுடுவோம். அதுக்குன்னு மெஷின் இருக்கு."

கடிகாரக் கடை, இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில் நிற்க வேண்டிய அளவில் இருந்தது. கடிகாரக்காரர் கண்ணில் செருகிய பூதக்கண்ணாடியோடு நிமிர்ந்தவர், புகார் சார் நீட்டியதைப் பார்த்ததும் பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டார். வெறும் கண்ணால் ஒருமுறை பார்க்க வேண்டும் போலிருந்தது அவருக்கு.

"யாரோடது சார் இது?"

"அப்பாவோடது."

"உடம்பெல்லாம் அடி பட்டிருக்கு. ஆனா கண்ணாடியில ஒரு கீறல் இல்ல, பாத்தீங்களா? கண்ணைப் பாக்குற மாதிரி பாத்திருக்காரு." வளையத்தைத் திருப்பிப் பார்த்தார். "இது தேஞ்ச தேய்மானத்தைப் பாருங்க. ஆயிரக்கணக்கான தடவை திருப்பியிருக்காரு. சும்மா ஷோவுக்குக் கட்டினவரு இல்ல சார் உங்கப்பா. வேலை பாத்த வாட்சு இது."

மேனேஜர் புகார் சாரின் தோளை அழுத்தினார்.

கண்ணாடிக் குழாயில் தண்ணீர். அதில் கடிகாரத்தை இறக்கி, மூடி, கைப்பிடியை அழுத்தினால் உள்ளே அழுத்தம் ஏறும். "ஓட்டை இருந்தா குமிழி வரும்" என்றார் கடிகாரக்காரர்.

புகார் சார் குழாயின் மேல் குனிந்துகொண்டார். ஒரே ஒரு குமிழி. கடுகளவு போதும். அவர் வாழ்க்கையில் எதையும் இவ்வளவு மனமுருகிக் கேட்டதில்லை. முள் ஏறியது. கடிகாரக்காரரின் கை நரம்பு புடைத்தது. கடிகாரம் தண்ணீருக்குள் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குமிழிகூட வரவில்லை.

"இன்னும் நாப்பது வருஷம் போகும்" என்றார் கடிகாரக்காரர்.

"தெரியும்!" என்று கத்திவிட்டார் புகார் சார். பெருமையில் வாய் முந்திக்கொண்டது. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்க்க, அவரிடமும், "முந்நூறு மீட்டர் சார்!" என்றார். தான் எதற்காக அங்கே வந்தோம் என்பது அவருக்குப் பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது. அதைச் சொல்ல அவருக்கு நாலு நாள் பிடித்தது. சொல்லக் கூடாது என்று மனத்துக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. விழாவுக்குப் பத்து நாள் இருக்கையில் வேறு வழியில்லாமல் சொல்லிவிட்டார்.

"சார், உண்மையைச் சொல்லிடறேன். அப்பா போய் இன்னும் ஒரு வருஷம்கூட முழுசா ஆகல. தண்ணியைப் பாத்தாலே அவர் நினைப்பு வந்துடுது. உள்ள இறங்கினா என்னால தாங்க முடியாது சார்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையை எடுத்தார். தொண்டையைச் செருமினார். "என்னை மன்னிச்சுடுங்க. போட்டி, கோப்பைன்னு பைத்தியக்காரன் மாதிரி பேசிட்டு இருந்தேன். ஒரு மகனோட மனசு எனக்குப் புரியாமப் போச்சு" என்றார்.

புகார் சாரும் கைக்குட்டையைத் தேடினார். சாக்குக்காகச் சொன்னது, சொல்லி முடித்தபோது சாக்காக இல்லை. அன்று மாலை வெகு நாளுக்குப் பிறகு நிம்மதியாக இரண்டு பிஸ்கட் தின்றார்.

மறுநாள் அறிவிப்புப் பலகை முன்னால் கூட்டம். எட்டிப் பார்த்தார். பச்சை மையில் மேனேஜரின் கையெழுத்து: 'இவ்வாண்டு தட்டு எடுக்கும் போட்டி, மறைந்த ஆழ்கடல் வீரரின் நினைவாக நடைபெறும். அன்னாரின் மகன், நம் புகார்ப் பிரிவு அலுவலர், தந்தையின் கடிகாரத்துடன் நீரில் இறங்கி அஞ்சலி செலுத்துவார்.' கீழே யாரோ ஆக்டோபஸ் ஒன்றை வரைந்திருந்தார்கள்.

"சார்!" என்று ஓடினார்.

"நன்றியெல்லாம் வேண்டாம்" என்றார் மேனேஜர். "துக்கத்தை உள்ளயே வச்சிருக்கக் கூடாது. இறங்கி எழுந்தா மனசு லேசாயிடும். இன்னொண்ணு கேளுங்க. துறைமுகத்துல ஓய்வு பெற்றவங்க சங்கத்துக்கு ராத்திரியே போன் போட்டேன். உங்கப்பா குழுவுல இருந்த டைவர் ஒருத்தர் இருக்காரு. எழுபத்தாறு வயசு. உங்கப்பா பேரைச் சொன்னதும், 'வண்டி அனுப்ப வேண்டாம், நானே வர்றேன்'னுட்டாரு. அவர்தான் சிறப்பு விருந்தினர்!"

புகார் சார் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். தொலைபேசி அடித்தது. "ஃபேன் சத்தம் போடுது" என்றது ஒரு குரல். "எங்க தலைமேலயும்தான்" என்று சொல்லிவிட்டு, பிறகு சுதாரித்து, 'டக் டக்'கா, 'கிர்ர்'ரா என்று கேட்டார்.

ஒன்பது நாள். மறுநாள் விடிந்ததும் பொது நீச்சல் குளத்தின் ஆரம்ப வகுப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார். வகுப்பில் மொத்தம் பதினான்கு பேர். பதின்மூன்று பேருக்கு வயது எட்டுக்குக் கீழே. பயிற்சி தருகிற பெண் கழுத்தில் விசிலோடு நின்றாள். "அங்கிள், வாட்சைக் கழட்டி வச்சுடுங்க."

"இது தண்ணிக்குள்ள போற வாட்சும்மா."

"வாட்சு போகும். நீங்க இன்னும் படியிலயே நிக்கிறீங்களே?"

மூன்றாம் நாள் படியைவிட்டு இறங்கினார். ஐந்தாம் நாள் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தார். பக்கத்திலிருந்த முன்பல் இல்லாத சிறுமி ஒருத்தி, "அங்கிள், மூச்சை வெளிய விடுங்க. நீங்க உள்ளயே சேத்து வச்சிருக்கீங்க" என்றாள். ஏழாம் நாள், கடிகார வளையத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, ஒன்பது விநாடி முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து எழுந்தார். சிறுவர்கள் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து மனைவியிடம், "ஒன்பது செகண்ட்!" என்றார்.

"இடுப்பளவு தண்ணியிலதானே?"

"ஆரம்பம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"முடிவுன்னும் ஒண்ணு இருக்கு. அதுதான் பயமா இருக்கு. பேசாமச் சொல்லிடுங்களேங்க."

"அப்பாவோட ஆளு வர்றாரு. அவருக்கு முன்னால நின்னு நான் பயந்தாங்கொள்ளின்னு சொல்றதா? அதுக்கு முங்கியே போயிடலாம்."

விழா நாளில் வெயில் நன்றாகக் காய்ந்தது. குளத்தைச் சுற்றி நாலு கிளை ஆட்களும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மனைவி ஒரு துண்டு, ஒரு ஃப்ளாஸ்க், மாற்று உடை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, பிரசவ வார்டுக்கு வந்தவள்போல முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

விருந்தினர் வந்தார். ஒல்லியான, நிமிர்ந்த மனிதர். சலவை கலையாத வெள்ளைச் சட்டை, கறுப்பு ஷூ. காது கொஞ்சம் மந்தம். மேனேஜர் கொடுத்த பூங்கொத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராகப் புகார் சாரிடம் வந்தார். முகத்தைப் பார்க்கவில்லை. இடது கையை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி, கடிகாரத்தைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"ஓடுது" என்றார்.

"தினமும் கட்டுறேன் ஐயா."

"கட்டணும்." பிறகு மைக்கைப் பார்த்து, "எனக்குப் பேச வராது. இவங்கப்பா இல்லைன்னா நான் இன்னிக்கு இல்ல. அவ்வளவுதான்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

கைதட்டல் அடங்க நேரமானது. "எத்தனை தடவை இவரைக் கடலுக்கடியிலேருந்து தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்தாரோ!" என்று மேனேஜர் மைக்கில் உருகினார். பெரியவர் ஏதோ சொல்ல எழுந்தார்; அதற்குள் பேண்டு வாத்தியம் தொடங்கிவிட, அதை மீறி அவர் குரல் எழவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

புகார் சாருக்குப் பயம் போனது அப்போதுதான். இப்படிப்பட்டவரின் மகன் கரையில் நின்று கைகூப்பி மன்னிப்புக் கேட்பதா? அவர் நெஞ்சு அரை அங்குலம் முன்னால் வந்தது. எவ்வளவோ நாள் கழித்து, 'நான் முழங்கால் அளவு இல்லப்பா' என்று சொல்வதற்கு ஓர் இடம் கிடைத்ததுபோல இருந்தது.

மற்ற மூன்று கிளைக்காரர்களும் ரப்பர் தொப்பியும் நீச்சல் கண்ணாடியுமாக, அலமாரி அகலத் தோளோடு நின்றார்கள். புகார் சார், மனைவி எடுத்துக்கொடுத்த கட்டம் போட்ட அரைக்கால் சட்டையில் நின்றார். வளையத்தைத் திருப்பிப் பூஜ்யத்தை நிமிட முள்ளுக்கு நேராக வைத்தார். கிரிக், கிரிக்.

விசில் ஒலித்தது. மூவரும் பாய்ந்தார்கள். புகார் சார் நடந்தார். கரை முடிந்த பிறகும் நடந்தார்.

உள்ளே போவதற்குப் பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை. நட்டுவைத்த கம்பம்போல நேராக அடிக்குப் போனார். சத்தமெல்லாம் நின்றுபோனது. கண்ணைத் திறந்தார். எங்கும் பச்சை. முகத்துக்கு முன்னால் தன் கையே யாருடைய கையோபோல மிதந்தது. அதில் கடிகாரம். விநாடி முள் கொஞ்சமும் அவசரப்படாமல் சுற்றிக்கொண்டிருந்தது. நாலு, ஐந்து, ஆறு. 'ஓடுது' என்று நினைத்துக்கொண்டார். அப்படியொரு பெருமை. காலுக்கடியில் எதுவோ வழுக்கியது. குனிந்து எடுத்தார். தட்டு! பத்து, பதினொன்று. ஒன்பதைத் தாண்டிவிட்டார். இனி மேலே போக வேண்டியதுதான் என்று நினைத்தபோதுதான், அந்தப் பாடம் வகுப்பில் இன்னும் வரவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

பதினெட்டில் ஒரு கை அவருடைய மணிக்கட்டைப் பிடித்தது. கடிகாரத்துக்கு மேலே, இரும்புப் பிடி. ஒரே இழுப்பு.

வெயில் முகத்தில் அறைந்தது. கரையில் மல்லாந்து கிடந்து, குடித்த தண்ணீரையெல்லாம் இருமித் தள்ளினார். பக்கத்தில், சலவைச் சட்டையும் கறுப்பு ஷூவுமாகச் சொட்டச் சொட்டப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவர் வீசியெறிந்த பூங்கொத்து மேனேஜரின் தலையில் பாதியும் மடியில் பாதியுமாக இருந்தது. மனைவி துண்டோடு ஓடிவந்து, "அறிவிருக்கா உங்களுக்கு? அறிவிருக்கா?" என்று கேட்டபடியே தலையைத் துவட்டினாள், துவட்டிய வேகத்தில் அவருக்குப் பதில் சொல்ல வாய் கிடைக்கவில்லை. இன்னும் அவர் கையில் தட்டு இருந்தது.

"என்ன சார் ஆச்சு? கால் பிடிச்சுக்கிச்சா?" என்று மேனேஜர் குனிந்தார். பதற்றத்தில் மைக்கைக் கையிலேயே பிடித்திருந்தார்.

புகார் சாரின் வாயில் இப்போது பிஸ்கட் எதுவும் இல்லை.

"எனக்கு நீச்சல் தெரியாது சார்" என்றார். நாலு கிளைக்கும் கேட்டது. "எப்பவுமே தெரியாது. அப்பாகிட்ட ரெண்டு தடவை கேட்டேன். எனக்கு வேண்டாம்னுட்டாரு. நான் லாயக்கில்லன்னு அவருக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு."

யாரும் கைதட்டவில்லை. வடக்குக் கிளைக்காரர் ஆறு தட்டோடு தண்ணீரில் மிதந்தபடி வேடிக்கை பார்த்தார்.

மேனேஜருக்கு முகம் தொங்கிப்போனது. பெரியவர் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "ஐயா, நீங்கதான் பெரிய மனசு பண்ணணும். உங்க நண்பருக்கு மரியாதை செய்யலாம்னுதான் இவ்வளவும் பண்ணினோம். கடைசியில அவர் பேருக்கே இழுக்காயிடுச்சு. அவ்வளவு பெரிய டைவரோட மகனுக்கு நீச்சல் தெரியலையேங்க!"

பெரியவர் ஒரு காதைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினார். மேனேஜரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கையை நீட்டி மைக்கை வாங்கிக்கொண்டார்.

"அவருக்கு மட்டும் தெரிஞ்சுதாக்கும்! எங்க குழுவுக்கே கம்பெனி கொடுத்தது ஒரே ஒரு வாட்சு. நீச்சல் தெரிஞ்சவன் கையில கட்டினா, கீழ ஒருத்தனுக்கு ஒண்ணுன்னதும் அவனும் குதிச்சிடுவான், அப்புறம் மணி பாத்து, நேரமானதும் கயிறு இழுத்து எங்களை ஏத்த மேல யாரு இருப்பா? அதனாலதான் தண்ணின்னா நடுங்குற ஒரே ஆளாப் பாத்து, படகுல உக்கார வச்சு, அவர் கையில கட்டினோம், இருபத்தாறு வருஷம் இறங்கின அத்தனை பேரும் ஏறி வந்தோம்."